தள்ளுபடிக்காரருக்கு நான் எடுத்த வகுப்பு

கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தப்பாக எழுதிய மனுவைக் கண்டால் திருத்தாமல் இருக்க முடியாது. இந்த வியாதிக்கு ஓய்வூதியர் மருத்துவத் திட்டத்தில் இடமில்லை.

திருமயத்தில் எங்கள் எதிர்வீட்டு அம்மா இட்லி மாவு அரைத்து விற்பவர். மகளின் நர்சிங் படிப்புக்குக் கல்விக்கடன் வாங்கியிருந்தார். சென்னையில் வேலை பார்க்கும் மகள் அனுப்புவதும் மாவில் மிஞ்சுவதும் தவணைக்காக அவர் வங்கிக் கணக்கில் சேர்ந்துகொண்டிருந்தன. ஒரு நாள் காலை, செல்போனை ஏந்திக்கொண்டு வந்தார்.

“சார், கடனத் தள்ளுபடி பண்ணிட்டாங்களாம். போனுக்கு ஒரு நம்பர் வருமாம், அதைச் சொல்லணுமாம். ஒரு வார்த்த நீங்க கேளுங்க.”

வாங்கிக் கேட்டேன். அரசாணை எண் என்ன, எந்தத் துறை, எந்தக் கிளை? எதிர்முனை இளைஞர் ‘ஒடனே நம்பரச் சொல்லுங்க’ என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“அரசாணை எண் இல்லாம எவன் தம்பி தள்ளுபடி பண்ணுவான்? மொதல்ல விண்ணப்பதாரர் பேரு, அப்பறம் கிளை, அப்பறந்தான் விஷயம். அதுவும், ‘ஒடனே சொல்லுங்க’ன்னு எந்த ஆபீஸ்ல சொல்லுவாங்க? அவகாசம் குடுக்கணும்.”

“சரிங்க சார். கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

பணிக்காலத்தில் எனக்குக் கீழே இருந்த ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. மெதுவாகச் சொன்னேன்.

போனைத் திருப்பிக் கொடுத்து, “இது மோசடிம்மா. முறையே சரியில்ல” என்றேன். இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் மாவு வாங்கப் போனபோது, அவர் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார். அதே குரல். பெயர், கிளை, அரசாணை எண், தேதி என்று வரிசை பிசகாமல் வந்தது. “பதினைந்து நாள் அவகாசம் உண்டு. எனினும் இன்றே எண்ணைத் தெரிவித்தால் தங்களுக்கு அலைச்சல் மிச்சம்.” கடைசி வாக்கியம் அந்த இளைஞரின் சொந்தச் சரக்கு. நல்ல நடை. ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அதற்குள் அந்த அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனுக்கு வந்த எண்ணைப் படிக்கத் தயாராகிவிட்டார்.

“சொல்லாதீங்கம்மா. அதே ஆளு. கணக்குல இருக்கதெல்லாம் போயிரும்.”

“சும்மா இருங்க சார். அன்னைக்கு முறை சரியில்லன்னீங்க. இன்னைக்கு நீங்க சொன்ன மாதிரியே சொல்றாருல்ல.”

“நாந்தாம்மா அவருக்குச் சொல்லிக் குடுத்தேன்.”

“அப்ப சரியாத்தானே இருக்கும்?”

அவர் “நாலு...” என்று ஆரம்பித்தார். எந்த விதியிலும் வழியில்லாததால், போனைப் பிடுங்கி மாவு டிரம்முக்குள் போட்டேன். உள்ளிருந்து “மேடம், அடுத்த எண்?” என்று கேட்டது. பிறகு அடங்கியது.

அவர் டிரம்மைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“போனும் போச்சு, மாவும் போச்சு. வாங்க பேங்குக்கு. நெசமாவே தள்ளுபடி ஆயிருந்துச்சுன்னா அந்தக் கடனையும் நீங்கதான் கட்டணும்.”

வங்கியில் இருந்த அலுவலர் கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தள்ளுபடியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. பேங்க்லேருந்து போன் பண்ணி யாரும் நம்பர் கேக்க மாட்டோம். எவ்வளவு முறையாக் கேட்டாலும் சொல்லாதீங்க.” ‘முறையாக’ என்றபோது ஏனோ என்னைப் பார்த்தார்.

திரும்பும்போது தெருமுனையிலிருந்தே அந்த அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார்.

“பணமும் அப்பிடியே இருக்கு, கடனும் அப்பிடியே இருக்கு.”

கேட்ட ஒவ்வொருவரும் அவருக்கு வாழ்த்துச் சொன்னார்கள்.