அண்ணி கூட்டிய மூன்று நொடி

என் அண்ணியைப் போல நேர்மையான ஆளை நான் பார்த்ததில்லை. சலவைக்கடை நடத்துகிறார். தேய்க்கும்போது ஒரு சட்டையின் காலர் லேசாகச் சிவந்துவிட்டால் போதும், சட்டைக்குச் சொந்தக்காரர் கண்டுபிடிக்கும் முன்பே தானாக விரித்துக் காட்டி, "இது என் கைத்தப்புங்க" என்று சொல்லிவிடுவார். அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார். "அவரு பாக்கவே இல்லையே, நீயா எதுக்கு வாயைக் குடுக்கிறே?" என்பார். அண்ணி அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே மாட்டார்.

அப்படிப்பட்ட மனுஷி, பந்தயத் தடத்துக்கு வந்துவிட்டால் மட்டும் துளிக்கூடக் கூச்சமில்லாமல் பொய் சொல்லுவார். அதுவும் வாயால் இல்லை. கறுப்புப் போர்டில் மஞ்சள் எண் தகடுகளைச் செருகி, ஊர் பார்க்கத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துப் பொய் சொல்லுவார்.

எங்கள் அணி மூன்றே பேர். அண்ணன் ஓட்டுநர். போன வருடம்வரை நகரப் பேருந்து ஓட்டினார். வாரமெல்லாம் நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று, ஏறுகிறவர்கள் உட்கார்ந்தபிறகே வண்டியை நகர்த்திய தங்கமான மனுஷர். ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டை மாட்டிவிட்டால் வேறு பிறவி. நான் தம்பி, குழாய் வேலை செய்கிறவன், அணியின் மெக்கானிக். தண்ணீர் ஒழுகுவதை நிறுத்துகிறவனுக்கு எண்ணெய் ஒழுகுவதை நிறுத்தத் தெரியாதா என்று என்னை இழுத்துப் போட்டார்கள். இன்றுவரை நிறுத்த முடியவில்லை. வண்டியின் அடியில் எப்போதும் ஒரு தட்டு இருக்கும்.

வண்டிக்கு சீமாட்டி என்று பெயர். எங்கள் அப்பா பிறந்த காலத்து வண்டி. கூரையில்லாத இரண்டு இருக்கை, ஆள் படுத்து உறங்கலாம் என்கிற அளவுக்கு நீண்ட பானெட், கம்பிச் சக்கரங்கள், பச்சை வண்ணம். ஒரு பழைய கிடங்கில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த நிலையில் கண்டெடுத்து, மூன்று பேரும் சேர்ந்து உயிர் கொடுத்தோம். இருக்கைத் தோலைத் தைத்தது அண்ணி.

மூன்றாவது ஆள் அவர்தான். அவருடைய வேலை, தடத்தையொட்டி அணிக்காரர்கள் நிற்கிற பிட் சுவரோரம் ஸ்டாப்வாட்சோடும் போர்டோடும் நிற்பது. பழைய வண்டிகளின் பந்தயத்தில் ஓட்டுநர் காதில் பேசும் கருவி எதுவும் வைக்கக் கூடாது என்பது விதி. சீமாட்டியின் பக்கக் கண்ணாடியோ, வேகம் பிடித்ததும் குளிரில் நடுங்குகிற ஆளைப் போல உதறும். பின்னால் வருவது காரா, எருமையா என்றுகூட அதில் தெரியாது. ஆகவே பின்னால் வருகிறவன் எத்தனை நொடி தள்ளி வருகிறான் என்று அண்ணனுக்குச் சொல்லக்கூடியது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அண்ணியின் போர்டு.

அந்தப் போர்டில்தான் அண்ணி கைவைத்தார். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பந்தயத்தில், ஒருவன் நெருங்கி வருகிறான் என்று போர்டில் பார்த்த அண்ணன் மிரண்டுபோய், தாங்காத வேகத்தில் வளைவில் திருப்பி, தடத்தோரம் அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளில் போய் மோதினார். தோள் எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து அண்ணி மூன்று நொடி கூட்டிக் காட்டுவார். பின்னால் வருகிறவன் இரண்டு நொடியில் இருந்தால் போர்டில் ஐந்து. ஐந்தில் இருந்தால் எட்டு. அண்ணன் பதறாமல் ஓட்டுவார்.

இன்னொரு ஸ்டாப்வாட்ச் என் கையில் இருப்பதால் ஒரு மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். கேட்டேன்.

"அது என்ன கணக்கு அண்ணி, மூணு?"

"ரெண்டு கூட்டினா பத்தாது தம்பி, பறப்பாரு. நாலு கூட்டினா சந்தேகம் வந்துடும்." பிறகு கையிலிருந்த தகட்டால் என்னை நோக்கி ஒரு ஆட்டு ஆட்டினார். "நீங்க மட்டும் போட்டுக் குடுத்தீங்க, உங்க துணியெல்லாம் அழுக்கோட திரும்பி வரும்."

நான் ஏன் போட்டுக் கொடுக்கப் போகிறேன்? அண்ணன் முழு எலும்போடு வீடு திரும்புவது எனக்கும் வேண்டியதுதானே.

இந்த வார இறுதி மற்றவற்றைப் போல இல்லை. பேருந்தின் கிளட்ச் பாதி, சீமாட்டியின் கிளட்ச் பாதி என்று தின்று தீர்த்த அண்ணனின் இடது முழங்காலுக்கு, அடுத்த வாரம் அறுவைச் சிகிச்சை. மூட்டையே மாற்றப் போகிறார்கள். அதற்குப் பிறகு நடக்கலாம், மெதுவாகப் படி ஏறலாம், இந்தக் கிளட்சை மட்டும் மிதிக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே இது கடைசிப் பந்தயம். இத்தனை வருடங்களில் அண்ணன் நாலாவதாக வந்திருக்கிறார், ஐந்தாவதாக வந்திருக்கிறார், வழியில் நின்றும் போயிருக்கிறார். முதல் மூன்று பேர் ஏறி நிற்கிற அந்த மேடையில் மட்டும் ஏறியதே இல்லை. "ஒரு தடவை அதுல நின்னுட்டா, அப்புறம் காலை எடுத்துக்கிட்டுப் போகட்டும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பாகத்தான் சொன்னார், ஆனால் அதையே சனிக்கிழமை முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

சனிக்கிழமைப் பயிற்சி ஓட்டத்தில், மறுநாள் கிளம்புகிற வரிசையில் ஐந்தாம் இடம் கிடைத்தது. எங்களுக்கு முன்னால் நாலாவது, பல் டாக்டரின் வெள்ளைக் கார். பல் டாக்டர் எங்கள் பழைய எதிரி, பழைய நண்பர். எங்களிடம் ஸ்பேனர் இரவல் வாங்கி அதைக்கொண்டே தன் வண்டியைச் சரிசெய்து எங்களைத் தோற்கடிப்பார். அன்று மாலை அண்ணன் அவரோடு டீ குடிக்கப் போயிருந்தார். நான் பிரேக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி முகப்பு விளக்குகளின் கண்ணாடி உடைந்தால் சிதறாமலிருக்க அதன்மேல் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டிக்கொண்டே சொன்னார்.

"தம்பி, நாளைக்கு உள்ளதை உள்ளபடிதான் காட்டப் போறேன்."

நான் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன். "எதுக்கு அண்ணி இப்போ போயி?"

"கடைசித் தடவை. எத்தனை வருஷம் என் கையை நம்பி ஓட்டினாரு! கடைசி நாளும் பொய்யைக் காட்டியா வழியனுப்புறது? மனசு கேக்கல தம்பி."

"சரி, அப்போ அவருகிட்டச் சொல்லிட்டுக் காட்டுங்க."

"என்னன்னு சொல்லுறது? இவ்வளவு வருஷம் ஏமாத்தினேன், நாளைக்கு ஒரு நாள் மட்டும் நம்புங்கன்னா?" நான் மறுபடி வண்டிக்கு அடியில் போய்விட்டேன். நியாயம் அண்ணி பக்கம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது.

ஞாயிறு வெயில் கொளுத்தியது. கொடி அசைந்ததும் அண்ணன் கிளம்பிய வேகத்தைப் பார்த்து, முழங்கால் வலி எல்லாம் நடிப்போ என்றுகூட நினைத்தேன். முதல் வளைவிலேயே பல் டாக்டரைத் தாண்டிவிட்டார். சில சுற்றுகள் கழித்து, முன்னால் போன ஒரு சிவப்பு வண்டி ரேடியேட்டர் கொதித்து ஓரங்கட்டியது. அண்ணன் மூன்றாவது! நான் துள்ளிய துள்ளலில் ஸ்டாப்வாட்ச் கை நழுவப் பார்த்தது. அதுவரை போர்டின் மேல்வரிசையில் இடத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்த அண்ணி, இப்போது கீழ்வரிசையில் பின்னால் வருகிற பல் டாக்டரின் தூரத்தைக் காட்டவேண்டிய நேரம்.

நாலு நொடி. என் கடிகாரத்திலும் நாலு. அண்ணி ஒரு மூச்சு விட்டுவிட்டு, நாலு என்ற தகட்டையே செருகித் தூக்கிப் பிடித்தார். அந்தத் தோள் முறிவுக்குப் பிறகு அவர் கையால் காட்டிய முதல் உண்மை. நாலு நொடி என்பது நல்ல இடைவெளி. அண்ணன் நிம்மதியாக ஓட்டியிருக்க வேண்டும்.

ஓட்டவில்லை. அடுத்த சுற்றில், எங்களுக்குத் தெரிகிற கடைசி வளைவில் சீமாட்டி பின்புறம் வழுக்கிக்கொண்டு வந்தாள். ஒரு சக்கரம் புல்லில் ஏறிப் புழுதி கிளம்பியது. இடைவெளி ஐந்தாகிவிட்டிருந்தது. அண்ணி ஐந்தைக் காட்டினார். அண்ணன் இன்னும் பேய் பிடித்தது போலப் போனார். அதற்கடுத்த சுற்றில் எங்களைக் கடந்தபோது பிரேக் கருகுகிற நாற்றம் மூக்கில் ஏறியது.

"இவருக்கு என்ன ஆச்சு?" என்றேன். "அதான் அஞ்சு செகண்டு இருக்கே, யாரு துரத்துறா இவரை?"

அண்ணி போர்டைத் திருப்பி, அதிலிருந்த ஐந்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இந்த மனுஷன் கழிக்கிறாரு!"

"எதை?"

"மூணை! என் மூணை! அஞ்சுன்னு காட்டுறேன், இவரு ரெண்டுன்னு எடுத்துக்கிறாரு. இவருக்கு எல்லாம் தெரியும்!"

சொல்லிக்கொண்டே ஐந்தைப் பிடுங்கிவிட்டு எட்டைத் தேடினார். அவசரத்தில் தகடு கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் வரவும் எட்டு உயர்ந்தது. அந்தச் சுற்றின் கடைசி வளைவில் சீமாட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிவருகிற பேருந்து மாதிரி அவ்வளவு ஒழுங்காகத் திரும்பினாள். அண்ணி சொன்னது சரிதான். அவர் கழித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஆனால் கெட்டது கெட்டதுதான். அந்தக் காலத்துப் பிரேக், ஒரு தடவை சூடேறிவிட்டால் அப்புறம் சொன்ன பேச்சைக் கேட்காது. ஒவ்வொரு வளைவுக்கும் வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைக்கவேண்டி வந்தது. பல் டாக்டர் சுற்றுக்குச் சுற்று நெருங்கினார். அண்ணி அதையும் மூன்று கூட்டியே காட்டினார், அண்ணனுக்குப் புரிகிற கணக்கில். கடைசிச் சுற்றுக்கு முன்னால் என் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நொடி.

"அண்ணி, எட்டையே மறுபடி போட்டுடுங்க" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். எட்டைப் பார்த்தால் அண்ணன் பதறாமல் வருவார். பல் டாக்டர் தாண்டிப் போய்விடுவார். மேடை போகும், எலும்பு மிஞ்சும். "நாலு போட்டீங்கன்னா ஒண்ணுன்னு தெரிஞ்சுடும். பிரேக் இல்லாம உயிரைக் குடுத்து ஓட்டுவாரு. வேண்டாம் அண்ணி."

அண்ணியின் கண் கலங்கிவிட்டது. ஒரு கையில் நாலு, ஒரு கையில் எட்டு.

"இத்தனை வருஷம் நான் சொன்னது பொய்யே இல்ல தம்பி. அவருக்குப் புரிஞ்சுதே! இப்போ எட்டு போட்டாத்தான் அது பொய்." சீமாட்டியின் சத்தம் நேர்ப்பாதையில் கேட்டது. "அவரு ஓட்டம். அவருக்குத் தெரியணும்."

நாலைச் செருகித் தூக்கிப் பிடித்தார். அண்ணன் கடந்துபோகும்போது தலையை மட்டும் ஒரு அசைப்பு அசைத்தார். அண்ணி போர்டைச் சுவரில் சாய்த்துவிட்டு, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டார். அந்தச் சுற்று முடியும்வரை நான்தான் பார்த்துச் சொன்னேன். வளைவு தாண்டிட்டாரு அண்ணி. இன்னும் முன்னாடிதான் இருக்காரு அண்ணி. கடைசி வளைவில் பல் டாக்டர் உள்பக்கமாக நுழைந்தார். அண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு வண்டியும் தோளோடு தோள் உரச நேர்ப்பாதையில் ஓடி வந்தன. எல்லைக்கோட்டில் வெள்ளைப் பானெட் பாதி முந்தியிருந்தது.

நாலாவது. கடைசித் தடவையும் நாலாவது.

வண்டி வந்து நின்றபோது சக்கரங்களிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அண்ணனால் இடது காலைத் தூக்க முடியவில்லை. நானும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி வெளியே எடுத்து, டயர்களின் மேல் உட்காரவைத்தோம். முகமெல்லாம் கரி, கண்ணாடி போட்டிருந்த இடம் மட்டும் வெள்ளை. அப்படியே சிரித்தார். அண்ணி அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் உடைந்து அழுதுவிட்டார்.

"நான்தான் கெடுத்தேன். மொதல்ல காட்டின நாலு நிஜமான நாலு. அஞ்சும் நிஜந்தான். கடைசி நாளாச்சேன்னு உண்மையைப் போட்டேன். உங்க மேடையைப் பறிச்சுட்டேன்."

"அட, அதான் பாத்தேன்" என்றார் அண்ணன். "ஒரு செகண்டுல வர்றவன் சத்தமே கேக்கலையேன்னு. மேடை போயிடுமேன்னு பறந்துட்டேன்."

"எப்போலேருந்து தெரியும் உங்களுக்கு?"

"தோள் கட்டுப் பிரிச்சு மறுபடி ஓட்டினேனே, அப்போலேருந்து. பந்தயம் முடிஞ்சு டீ குடிக்கும்போது டாக்டர் சொன்னான், உன் பின்னாடி ரெண்டு செகண்டுலயே வந்தேன்னு. நீ அஞ்சு காட்டியிருந்தே. அடுத்த பந்தயத்துலயும் கேட்டேன். அதே மூணு."

"அப்போவே ஏன் கேக்கல?" அண்ணிக்குக் கோபம்கூட வந்துவிட்டது. "இவ்வளவு வருஷமா என்னை வேடிக்கை பாத்தீங்களா?"

"கேட்டா நிறுத்திடுவே."

"நிறுத்தினா நல்லதுதானே?"

அண்ணன் கையுறையைக் கழற்றிவிட்டு அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில் நிற்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். நானும் சக்கரத்தைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

"அங்க ஒத்தை ஆளா போயிட்டிருப்பேன். போர்டுல அஞ்சுன்னு இருக்கும். அதுல ரெண்டு அவன் துரத்துறது. மூணு நீ பிடிச்சு இழுக்கிறது. அதைப் பாத்தாத்தான் எனக்கு ஆக்சிலரேட்டர்ல கால் தானா லேசாகும்."

மேடைப் பக்கம் பல் டாக்டரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், கைதட்டல் கேட்டது. அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"இன்னைக்கு அந்த நாலுல நான் இல்லைங்க."

"தெரியாமப் போச்சே" என்றார் அண்ணன். "இல்லாத உன்னையும் சேர்த்துல்ல கழிச்சுட்டேன்."