தார் பூசிய பாதங்கள்

1965 ஏப்ரல் 15, பெரிய வியாழக்கிழமை, மாலை நாலு இருபது. திருகோணமலையில் காற்றே இல்லாத வெயில். துறைமுகத் தொழிற்சங்கத் தலைவர், யேசு தன் சீடரின் பாதங்களைக் கழுவியது போலத் தானும் பன்னிரண்டு தொழிலாளரின் பாதங்களைக் கழுவப் போவதாக அறிவித்திருந்தார். படம் எடுக்கவும் ஒருவர் வந்திருந்தார்.

தலைவர் வெள்ளை உடுப்புக்காரர். எந்தக் கதிரையையும் சட்டைப்பை லேஞ்சியால் துடைத்த பிறகே இருப்பார். மகனுக்கு வேலை கேட்டுப் போன, ஓய்வு பெற்ற கிளாக்கரான என்னை, ஆறு கதிரைகள் வெறுமையாகக் கிடக்க, முக்கால் மணித்தியாலம் நிற்க வைத்தார். வேலையும் தரவில்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

யேசு கழுவியது தெருவில் நடந்து வந்த கால்களை. இங்கே பதினொரு பேரும் வீட்டிலேயே சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்திருந்தார்கள். தலைவர் ஆளுக்கு மூன்று சொட்டு ஊற்றினார். பன்னிரண்டாவது ஆள் வரமாட்டார் என்று எனக்கு முதலே தெரியும்; வரவில்லை. அந்தக் கதிரையில் நான் போய் இருந்தேன். வள்ளத்துக்குப் பூசும் தாரை இரண்டு பாதங்களிலும் அப்பிக்கொண்டுதான் வந்திருந்தேன்.

படக்காரர் காத்திருந்ததால் தலைவருக்கு எழும்ப ஏலவில்லை. லேஞ்சியால் தேய்த்தார். வெள்ளைக் கைமடிப்பு கறுத்தது.

"கிளாக்கர் ஐயா, இது தண்ணியில போகாது," என்றார் மெதுவாக.

"ஓம் தம்பி. எனக்கு அவசரமில்லை, இண்டைக்கு இருக்கக் கதிரை கிடைச்சிருக்கு. நீங்கள் தேயுங்கோ."

அப்போதுதான் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார், முழங்காலில் நின்றபடி. ஆனால் படக்காரர் போன பிறகும் ஏன் தேய்த்துக்கொண்டே இருந்தார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தன்னைக் காட்டிக்கொடுக்கப் போகும் யூதாஸின் காலையும் யேசு கழுவினார் என்பது நினைவுக்கு வந்தது. அந்த நினைவு எனக்குப் பிடிக்கவில்லை.

மிச்சத் தாரைப் போக்க மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் வாங்கினேன். மொத்தம் அறுபத்தைந்து சதம்.