மாலை போடாத படம்

முதல் நாளே அந்த இயக்குநரை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. தஞ்சாவூரில் என் வீட்டுக்கு வந்தவர், நான் கொடுத்த காபியை வாயில் வைக்காமல் ஆறவிட்டு, என் நாவலை மேசையில் குப்புறக் கவிழ்த்துவிட்டு, "சஸ்பென்ஸ் பிரமாதம் மேடம். ஆனா கொலை எங்க?" என்று கேட்டார். கொலையே இல்லை என்றேன். ஆள் செத்தானா இல்லையா என்பதுதான் கதை என்றேன். விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த நாவலில் குடவாசல் பக்கத்து ஊரில் ஒருத்தி. புருஷனுக்கு மஸ்கட்டில் வேலை. திடீரென்று அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அவன் செத்துவிட்டான் என்று அவனுடைய சித்தப்பா செய்தி கொண்டுவருகிறார். உடல் வரவில்லை. கூடத்தில் தொங்கும் அவன் படத்துக்கு மாலை போடு என்று சொந்தக்காரர்கள் அவளைப் பிடுங்கி எடுக்கிறார்கள். போட்டுவிட்டால் அவன் செத்தது செத்ததுதான். நிலத்தைப் பங்கு பிரித்துக்கொள்ளலாம். அவள் போடவில்லை. அவளுக்கு ஏதாவது தெரியுமா, இல்லை வெறும் பிடிவாதமா என்று வாசகர் கடைசி வரை தவிக்க வேண்டும். கடைசியில் அவன் உயிரோடு இருப்பது தெரிகிறது, சித்தப்பாவின் குட்டு உடைகிறது. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது.

"டிவில முதல் அஞ்சு நிமிஷத்துல ஒருத்தர் செத்துடணும் மேடம். இல்லன்னா ரிமோட்ட எடுத்துடுவாங்க."

"மாலையப் போட்டுட்டா கதையே முடிஞ்சுபோச்சுங்களே."

"நாங்க ஆரம்பிக்கிறதே மாலை போட்ட படத்துலதான்."

பல்லைக் கடித்துக்கொண்டேன். கதையைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு என்று ஒப்பந்தத்தில் இருந்தது. முடிவை மட்டும் என்னைக் கேட்காமல் மாற்றக் கூடாது என்று நான் பேனாவால் எழுதிச் சேர்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவர்களுக்குப் பிடித்த முடிவு வேறு. அவளே புருஷனைக் கொன்று கொல்லைத் தென்னைமரத்தடியில் புதைத்துவிட்டாளாம். அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை.

நாவலில் நான் எழுதியிருந்தது என் அண்ணன் வீடு. அண்ணனும் மஸ்கட்டில்தான் இருக்கிறார். ஆனால் அவர் காணாமல் போகிற ஆள் இல்லை, தினமும் வீடியோவில் வந்து இன்றைக்கு என்ன குழம்பு என்று விசாரிப்பார். அண்ணிதான் வீட்டையும் வயலையும் பார்த்துக்கொள்கிறார். படப்பிடிப்புக்கு வீட்டைக் கேட்டபோது முகம் சுளித்தார். "கண்டவனும் செருப்போட அடுப்படி வரைக்கும் வருவான்டி" என்றார். நான் கேட்டேன் என்பதற்காக ஒத்துக்கொண்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு மயிலாடுதுறையில் தன் அக்கா வீட்டுக்குப் போனார்.

சம்பா அறுவடை நேரம். பக்கத்து வயலில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒலிப்பதிவு செய்கிறவர் வரப்பில் நின்று கையைக் கையை ஆட்டினார். மெஷினை நிறுத்தாமலே ஓட்டுகிறவர் கத்தினார்: "நாளைக்கு மழைங்கிறாங்க சார். நெல்லு காத்திருக்காது, உங்க படம் காத்திருக்கும்ல?" எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். இயக்குநருக்கு எங்கள் ஊரே பிடிக்கவில்லை. "இந்த ஊர்ல ஒரு பயமே இல்லையே மேடம்" என்று குறைப்பட்டு, பட்டப்பகலில் வாய்க்கால் கரையில் புகை போட்டார். அறுத்த நெல் களத்தில் கிடக்கும்போது கிழக்கே மேகம் கட்டினால் எங்கள் ஊர் முகங்களில் பயம் எப்படி இருக்கும் என்று அவருக்கு யார் சொல்வது? சொல்ல எனக்கு மனமில்லை.

கடைசி நாள் பிற்பகல் அண்ணி பஸ்ஸில் வந்து இறங்கினார். அப்போது நான் கொல்லைப்புறத்தில் இயக்குநரோடு ஒரு வசனத்துக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கூடத்தில் பேச்சு சட்டென்று நின்றது கேட்டு உள்ளே ஓடினேன்.

காலண்டருக்கும் கடிகாரத்துக்கும் நடுவில் எப்போதும் தொங்கும் அண்ணன் படத்துக்கு ரோஜா மாலை போட்டிருந்தார்கள். நெற்றியில் சந்தனம், குங்குமம். மேலே சின்னச் சிவப்பு பல்பு எரிந்தது.

தெருவில் உயிரோடு இருக்கிற தலைவர்களின் படத்துக்கெல்லாம் ஆளுயர மாலை போடுகிறார்கள், அது வேறு. வீட்டுக் கூடத்தில் ஒரு படத்துக்கு மாலை ஏறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அண்ணி கையில் பையோடு அப்படியே நின்றார். பிறகு பையைப் போட்டுவிட்டுப் போய் மாலையைப் பிடித்து இழுத்தார். நார் அறுந்து ரோஜா தரையெல்லாம் சிதறியது.

"யாரு போட்டது?"

கலை உதவியாளர் ஒருவர் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார். "செத்துப்போன புருஷனா நடிக்க ஆர்ட்டிஸ்ட் யாரையும் போடலைங்க. படம்தானேன்னு இருந்ததையே வெச்சுக்கிட்டோம். ஷாட் ஓகே ஆயிடுச்சு, நீங்க தாராளமா எடுத்துக்கலாம்."

அவரை ஓங்கி ஒரு அறை விட்டிருக்க வேண்டும். அண்ணி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை வாடி போடி என்று கூப்பிட்டவர்.

"உங்க கதைல அவ கடைசி வரைக்கும் மாலை போடலைல்ல? அதைப் படிச்சிட்டுத்தான் சரின்னேன். நீங்க கூட்டிட்டு வந்த ஆளுங்க என் புருஷனுக்கே போட்டுட்டாங்க."

குனிந்து பூவைப் பொறுக்கினேன். அதையும் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவரே விளக்குமாற்றை எடுத்து வந்தார்.

அந்தக் காட்சியைத் தூக்கச் சொல்லி இயக்குநரைத் துரத்தினேன். போனை எடுக்கமாட்டார், எடுத்தால் மீட்டிங் என்பார். உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு மாலை போட்டு ஊருக்கெல்லாம் காட்டப்போகிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று கத்தினேன். அவர் கொஞ்சமும் அசராமல், "முதல் ஷாட்டே அதுதான் மேடம். வேணும்னா வேற முகத்த ஒட்டிடலாம். நீங்களும் எங்களுக்காக ஒண்ணு பண்ணுங்க. க்ளைமாக்ஸுக்கு ஓகே சொல்லிடுங்க" என்றார்.

கடைத்தெருவில் பேரம் பேசுவதுபோல எவ்வளவு சாதாரணமாகக் கேட்டார்! என் கையில் மிச்சமிருந்தது அந்த முடிவு ஒன்றுதான். அதைக் கொடுத்தேன். அவள் புருஷனைக் கொன்றவளாகவே இருக்கட்டும் என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிவிட்டு, அந்த மனிதரின் குலத்தையே திட்டித் தீர்த்தேன்.

தொடர் ஒளிபரப்பானது. முதல் காட்சியில் மாலைக்குள் யாரோ ஒரு மீசைக்காரரின் முகம். மூச்சு வந்தது. ஆனால் கடைசி வாரத்தில், அண்ணி வீட்டுக் கூடத்தில், அண்ணி கட்டுகிற மாதிரியே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அண்ணி மாதிரியே கொண்டை போட்டுக்கொண்டு, அந்த நடிகை கடப்பாரையோடு கொல்லைக்குப் போனாள். தென்னைமரத்தடியில் குழி தோண்டினாள். டிவியை அணைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் குடவாசலில் இறங்கி ஆட்டோவில் ஏறி ஊர்ப் பேரைச் சொன்னேன். "கொலைகாரி வீடு இருக்கே, அந்தத் தெருவாங்க?" என்று டிரைவர் இயல்பாகக் கேட்டார்.

அண்ணி கதவைத் திறந்தார். வழக்கமான எவர்சில்வர் டம்ளரில் இல்லை, விருந்தாளிகளுக்கு எடுக்கும் கப் அண்ட் சாசரில் காபி வந்தது. படம் பழைய இடத்திலேயே தொங்கியது. கண்ணாடியின் ஓரத்தில் சந்தனக் கறை இன்னும் போகவில்லை. நான் பேரம் பேசிய கதையை ஒன்று விடாமல் சொன்னேன்.

அப்போது வாசலில் ஒரு பைக் நின்றது. பின்னால் இருந்தவன் போனை வீட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டு, "இதானே அந்தக் கொலைகாரி வீடு?" என்று கேட்டான்.

அண்ணி எழுந்து வாசலுக்குப் போனார். "ஆமா. நான்தான். என்ன வேணும்?"

பைக் போன வேகத்தில் தெரு நாய்கள் குரைத்தன. வேறு எப்போதாவது என்றால் நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். அண்ணி திரும்பி வந்து, என் கையிலிருந்த கப்பை வாங்கிக்கொண்டார்.

"உங்க அண்ணன் உசுரோட இருக்காரு. அதுக்காக நான் கொலைகாரியாவே இருந்துட்டுப் போறேன், போங்க" என்றார். அடுப்படி வரைக்கும் போனவர் அங்கிருந்தே சொன்னார்: "இனிமே வர்றதா இருந்தா ஒரு போன் பண்ணிட்டு வாங்க."

அண்ணன் வீட்டுக்கு நான் ஒருநாளும் சொல்லிவிட்டுப் போனதில்லை.