பதினேழாவது ப்ளக் பாயிண்ட்

எங்கள் தீவின் பத்துபஸ்தியில் நான் காபி குடித்த கடையில் எல்லா நாளும் காபி கிடைக்காது. தூள் சென்னையிலிருந்து கப்பலில் வரவேண்டும். பெட்டியைப் பிரித்துப் பத்து நாள் தாண்டிவிட்டால் கடைக்கார பாய் அந்தத் தூளைத் தொடமாட்டார். "ஜஹாஸ் வரலம்மா, டீ குடி" என்பார். விமான நிலையம் நடந்து போகும் தூரம்தான். ஆனாலும் அவர் கப்பலைத்தான் நம்பினார். மெயின்லேண்டிலிருந்து யாராவது வரவேண்டியிருந்தால் எங்கள் தெரு ஆட்கள் துறைமுகத்துக்குப் போன் போடாமல் அந்தக் கடையை எட்டிப் பார்ப்பார்கள். டம்ளரில் காபி இருந்தால் கப்பல் வந்துவிட்டது.

நான் மின்சார ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் இன்ஜினியர். அலுவலகத்துக்குப் போகுமுன் அங்கே உட்கார்ந்து பட்டியல் எழுதுவேன். மெயின்லேண்டின் பெரிய காபிக் கம்பெனி ஒன்று ஊருக்கு வருகிறது, அதன் மின்சாதனங்களைப் பட்டியலிட வேண்டும் என்றார்கள். முகவரி பிறகு வரும். அதுவரைக்கும் கையில் ஒரு பிளான். தரைத்தளம், இரண்டு ஷட்டர், நடுவில் ஒரு தூண். ஏ.சி., காபி மெஷின், கண்ணாடி ஃப்ரிட்ஜ், பெயர்ப் பலகை என்று மூன்று நாளில் பதினாறு வரிசை எழுதினேன். தாள் நனையாமலிருக்க பாய் டம்ளரைத் தள்ளி வைத்தார்.

நான்காம் நாள் முகவரி வந்தது. மூன்று நாளும் நான் அந்தத் தூணில்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் டேப்போடு போனேன். கடையைக் காலி செய்ய வேண்டும் என்று கட்டிடச் சொந்தக்காரர் பாயிடம் முன்பே சொல்லியிருந்தார்.

"நீயாம்மா வந்தே?"

"ஆபீஸ்ல அனுப்புனாங்க பாய்."

"நல்லதாப் போச்சு. வேற எவனாச்சும் வந்தா தப்பா அளப்பான்."

டேப்பின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார். தினமும் அங்கே டீ குடிக்கும் ஆட்டோக்காரர் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், உங்க இடுப்பையும் அளக்கச் சொல்லுங்க. புதுக்கடையில யூனிஃபார்ம் தருவாங்க."

"அரே, சுப்!" என்று அதட்டினார் பாய்.

பாய்லர் இருந்த மூலைக்கு வந்ததும் பாய் டேப்பை விடவில்லை.

"ஒண்ணு கேக்கவாம்மா? இந்த மூலை அவங்களுக்கு வேணுமா? எனக்கு மூணடி போதும். காபியை அவங்களே விக்கட்டும். நான் டீ மட்டும் போட்டுக்கறேன்."

காபி விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர் சொன்னது அது. கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

எனக்குக் கேட்கத் தெரிந்தது ஒரே வழியில்தான். பட்டியலில் பதினேழாவது வரிசை சேர்த்தேன்: 'வடகிழக்கு மூலை. பாய்லர், ஒரு ப்ளக் பாயிண்ட். இப்போதைய கடைக்காரர் டீ விற்பதற்கு. அனுமதி தேவை.' பாய்லர் கேஸில் ஓடுவது. அதற்கு ப்ளக் வேண்டாம். ஆனால் ப்ளக் இல்லாத எதையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வழியில்லை.

நான்கு நாள் கழித்து பதில் வந்தது. பதினேழு: ப்ளக் இருக்கட்டும், பாய்லர் வேண்டாம்.

பாயிடம் சொன்னேன். "சரிம்மா" என்றுவிட்டு பாய்லரைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்து வைத்திருந்ததுதான்.

கடைசி நாளன்று கப்பல் தாமதம். தெருவே வந்திருந்தது.

"கடைசி நாள் பாய்," என்றார் ஆட்டோக்காரர். "பழைய தூளாச்சும் போடுங்க."

"கடைசி நாளுன்னா உன் நாக்கு செத்துப்போச்சா? சாய் பியோ."

எல்லோரும் டீ குடித்தோம். சிலர் அதைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

பாய் தெற்கே கடைசித் தீவில் இருக்கும் கேம்பல் பேவுக்குப் போய்விட்டார். அங்கே அவருடைய மச்சான் கடை வாசலில் இடம் இருந்தது. புதுக்கடையில் தினமும் காபி கிடைக்கிறது, தினமும் ஒரே மாதிரி. கப்பல் வந்ததா என்று தெரிந்துகொள்ள ஆட்டோக்காரர் இப்போது துறைமுகத்துக்குப் போன் போடுகிறார். பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. மழை நாட்களில் நானும் புதுக்கடைக்குப் போவதுண்டு. வடகிழக்கு மூலையில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

போன வாரம் அதில் உட்கார்ந்திருந்தபோது பாய் போனில் கூப்பிட்டார்.

"இங்க ஜஹாஸ் வந்து பதினாறு நாளாச்சும்மா. ஊரே டீதான் குடிக்குது."

"திட்டலயா?"

"திட்டுறாங்க. பழகிருவாங்க." பிறகு கேட்டார். "அந்த மூலையில என்ன வச்சிருக்காங்க?"

"ஒரு நாற்காலிதான் பாய். நான் போட்ட ப்ளக் பாயிண்ட் இருக்கு."

"வேலை செய்யுதா?"

என் லேப்டாப் அதில்தான் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

"செய்யுது பாய்" என்றேன்.