பிளந்த தரைக்கு அந்தப் பக்கம் ஒரு பேத்தி

ஆடு மேய்க்கும் கிழவர் அய்டாஹிஸ் ஓடி அஃபார் பாலைநிலத்தில் யாரும் பார்த்ததில்லை. கழுதைப்புலி ஆட்டுப் பட்டிக்குள் புகுந்த அன்றும் கம்பை ஊன்றிக்கொண்டு நடந்துதான் போனார். அப்பேர்ப்பட்டவர் அன்று காலை செருப்பைக்கூட மறந்துவிட்டு ஓடினார்.

மலை அடிவாரத்தில் தரை பிளந்துவிட்டது. ஒட்டகம் தாண்ட முடியாத அகலம். உள்ளேயிருந்து புகையும் கந்தக நாற்றமும் வந்தன. மேய்ந்துகொண்டிருந்த அவருடைய ஆடுகளில் பாதி அதற்குள் போய்விட்டன. போகட்டும். மகள் தஹராவின் குடிசை பிளவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இந்த வாரம்தான் அவளுக்குப் பெண் பிறந்திருந்தது. முதல் பேத்தி. அவர் இன்னும் முகம்கூடப் பார்க்கவில்லை.

பிளவு எங்கே முடிகிறதென்று தேடி ஓரமாகவே ஓடினார். எதிரே உப்பு ஏற்றிய ஒட்டகங்களோடு யாயோ வந்தான்.

"என்ன மாமா, பாத்தும் பாக்காத மாதிரி ஓடுறீங்க? நான் என்ன கல்லா? சேதி பேசாம போனா ஜனம் என்ன சொல்லும்?"

வழியில் எதிர்ப்பட்டவனிடம் சேதி கேட்காமல் போவது அங்கே முகத்தில் துப்புவது மாதிரி. உட்கார்ந்தார். யாயோ முறைப்படி ஆரம்பித்தான்.

"மழை இல்ல. புல்லு இல்ல. படிச்சவங்க மிஷினோட வந்திருக்காங்க. நம்ம நிலம் ரெண்டாப் பிரிஞ்சு தள்ளித் தள்ளிப் போகுதாம். எத்தனையோ லட்சம் வருஷம் கழிச்சு இங்க கடலாம். அதுக்கும் ரொம்பப் பின்னால உலகத்து நிலமெல்லாம் மறுபடி ஒண்ணா ஒட்டிக்குமாம்."

"ஒட்டறப்ப ஒட்டட்டும்டா! என் பொண்ணு?"

"மனுஷங்க சேதி கடைசியிலதானே மாமா. உங்க பொண்ணு இருக்கிற கருங்கல் மேட்டுக் குடிசைங்கள தரை பிளந்ததுமே பிரிச்சுக்கிட்டுக் கிழக்கால போயிட்டாங்களாம்."

"கண்ணால பாத்தியா, காதால கேட்டியா?"

யாயோ தலை குனிந்தான். "கேட்டதுதான்."

அவர் எழுந்துவிட்டார். மறுபடி ஓட்டம்.

வெகுதூரம் போன பிறகு பிளவு ஒரு சாண் அகலத்துக்குக் குறுகியது. ஆட்டுக்குட்டிகூடத் தாண்டும். அவருக்குக் கால் வரவில்லை. மிதித்ததும் வாயைத் திறந்துகொண்டால்? கண்ணை இறுக மூடிக்கொண்டு தாண்டினார்.

பொழுது சாயும் நேரம், கிழக்கே ஒரு முள்மரத்தடியில் பாய் மேல் தஹரா உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை.

"அப்பா! காலெல்லாம் ரத்தம். உக்காருங்க, பால் தரேன்."

அவர் பிள்ளையை வாரி எடுத்தார். பேரீச்சம்பழ நிறம். அவர் தாடியைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டாள் பாருங்கள், ராணி மாதிரி. அந்த நேரம் பார்த்துத் தரை லேசாக உறுமியது.

"பாயில விடுங்கப்பா, கை வலிக்கப் போகுது."

"இந்தத் தரையிலயா? போடி!"

ஒட்டகத்தில் சாமான் ஏற்றி எல்லோரும் கிளம்பும்வரை பேத்தியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றுகொண்டே இருந்தார்.