தோளில் ஸ்னோவோடு வந்தவர்

நம்பாதவர்கள் நம்பாமலே வாசியுங்கள். எனக்கு அதில் கோபமில்லை. ஆனால் இது நடந்தது. 1991 நவம்பர், லண்டன் எட்மண்டன். அன்றைக்கு எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. நெகட்டிவும் இருக்கிறது.

அப்போது நான் படம் கழுவும் கடை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஊரார் கலியாணம், பிறந்தநாள் எல்லாம் என் கையால்தான் கழுவப்பட்டன. லீவு நாளில் பறவைகளைப் படம் எடுப்பேன். அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் அம்மா இறந்துபோனார். செய்தி வந்து சேரவே இரண்டு மாதம் ஆனது. நான் அழவில்லை. கறியில் உப்பில்லை என்பதுகூட நாக்குக்குத் தெரியாத மாதிரி இருந்தேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு வெறும் காணி. அதில் ஒரு கிழட்டு ஓக் மரம். அதைத் தறித்துவிட்டு கார் பார்க் கட்டப்போவதாகக் காணிக்காரர் சொன்னார். மரத்தில் ஆந்தை குடியிருக்கிறது என்றேன். சிரித்தார். வியாழக்கிழமை தெருக்காரர்களின் கூட்டம் இருந்தது. அதற்குள் ஆந்தையின் படத்தைக் கொண்டுவந்து காட்டு, தெரு முழுக்க எதிர்த்தால் விட்டுவிடுகிறேன் என்றார். இரண்டு கிழமையாகக் காத்திருந்தும் எனக்கு அதன் சத்தம்தான் கிடைத்தது.

கூட்டத்துக்கு முதல் நாள், புதன். நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு தடியில் கறுப்புத் துணி கட்டி, அதற்குப் பின்னால், மரத்தின் கீழ்ப் பொந்துக்கு லென்ஸைக் குறிவைத்துக் குந்தியிருந்தேன். விரல்கள் மரத்துப்போயிருந்தன.

"அந்தப் பொந்தில்லை, பிள்ளை."

பக்கத்தில் ஒருவர் நின்றார். தடித்த கோட். கழுத்தில் கமரா. கீழே முழுக்கக் காய்ந்த இலை... ஆனால் அவர் வந்த சத்தம் கேட்கவில்லை.

"தமிழோ?"

"ஓம். யோகலிங்கம். மேல் கொப்பு முறிஞ்ச இடத்தைப் பாரும்."

லென்ஸைத் திருப்பினேன். அப்போதுதான் கவனித்தேன். அவர் தோளில் வெள்ளையாக ஸ்னோ கிடந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஸ்னோ இன்னும் விழவே இல்லை.

குளிருக்கு என் வாயிலிருந்து மூச்சு புகையாக வந்தது. அவர் வாயிலிருந்து வரவில்லை.

நான் பயந்திருக்க வேண்டும். பயம் வரவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

"இப்ப வரும்."

கூ...

கூ... ஊ... ஊ...

வந்தது.

க்ளிக். ப்ளாஷ் அடித்தது.

அவரும் கமராவை எடுத்து அழுத்தினார். சத்தமே இல்லை.

"கிடைச்சிட்டுது." அவர் முகம் தெளிந்தது. "இனி நான் போறன்."

எங்கள் ஆட்கள் விடைபெறும்போது 'போறன்' என்று சொல்லமாட்டார்கள். போகிறவர் திரும்பி வரவேண்டுமே. யார் தவறிச் சொன்னாலும் உடனே திருத்திவிடுவோம். என் வாயும் சும்மா இருக்கவில்லை.

"போறன் எண்டு சொல்லாதேங்கோ அண்ணை. வாறன் எண்டு சொல்லுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். நெடுநேரம்...

"வேண்டாம், பிள்ளை."

"சும்மா சொல்லுங்கோ."

"சரி... வாறன்."

கமராவை எடுக்கக் குனிந்துவிட்டுத் திரும்பினேன்.

ஆள் இல்லை.

படம் கூட்டத்தில் வென்றது. "ஒரு மரம்தானே" என்று சொன்னவர்களே அந்தப் படத்தைக் கையிலிருந்து விடவில்லை. காணிக்காரர் சொன்னபடி விட்டுவிட்டார். மரம் தப்பியது. படத்தைப் பெரிதாக்கி நூலகத்தில் மாட்டினார்கள். அதைச் சுவரில் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. ஆந்தை என் கமராவைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில், அவர் நின்ற இடத்தைப் பார்க்கிறது.

டிசம்பரில் ஒரு நாள் அந்தப் படத்துக்கு முன்னால் ஒரு தமிழ் அம்மா நின்றார். பெயர் கனகாம்பிகை. படம் எடுத்தது நான் என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்தார்.

"இது என்ர மனுசன்ர மரம், பிள்ளை. இந்த ஆந்தையைப் படம் எடுக்கவெண்டு பெப்ரவரி ஸ்னோவுக்குள்ள போனவர். மரத்தடியிலயே நெஞ்சு நிண்டுபோச்சு. யோகலிங்கம் எண்டு பேர்."

நான் சுவரிலிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"அண்டைக்கு எங்களுக்குள்ள சண்டை. 'போறன்' எண்டுதான் சொல்லிப்போட்டுப் போனவர். நானும் கோவத்தில திருத்தேல்லை."

அவர் குரல் தாழ்ந்தது.

"போன மாதம் ஒரு புதன்கிழமையில இருந்து கதவு தட்டுப்படுது. ஒவ்வொரு பின்னேரமும். திறந்தா ஒருத்தரும் இல்லை. வாசலில மட்டும்... ஸ்னோ."

அந்த மனிதர் போகத்தான் பார்த்தார். படம் கிடைத்ததும் போயிருப்பார். நான்தான் விடவில்லை.

யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது என் அம்மாவிடம் நானும் 'வாறன்' என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன்.

கனகாம்பிகை கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நான் போறன், பிள்ளை."

வாயைத் திறந்தேன்.

மூடிக்கொண்டேன்.