கொம்பு இடம்மாறிய கடிதம்

அந்த அக்கா கடிதத்தை மேசையில் வைத்தார். கதிரையைக் காட்டினேன். அவர் அதில் இருக்காமல் நின்றுகொண்டார்.

“தங்கச்சி, இது என் பேரு இல்லையாமே” என்றார்.

முதல் நாள் பின்னேரம் நான்தான் அந்தக் கடிதத்தை அடித்துக் கொடுத்திருந்தேன். தர்மபுரத்தில் பிரதான வீதியோரம் என்னுடைய கடை. போட்டோக்கொப்பி எடுப்பது, லமினேட் பண்ணுவது, கடிதம் அடிப்பது, விண்ணப்பம் நிரப்புவது. அக்கா வீதியிலிருந்து இரண்டு கட்டை தூரம் உள்ளே இருப்பவர். மலையகத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, கலவரத்துக்குப் பிறகு தகப்பனின் தோளில் குழந்தையாக இங்கே வந்தவர். தகப்பன் காடு வெட்டித் திருத்திய காணியில்தான் இன்றைக்கும் சீவியம். தகப்பன் இறந்துவிட்டார். காணிக்கு அனுமதிப்பத்திரம் மட்டும் வரவேயில்லை. அதைத் தன் பெயரில் தரும்படி கேட்கிற கடிதம் அது.

அன்று ஒரு பாடசாலை மண்டபத்தில், அதிகாரிகள் ஊருக்கே வந்து காணி அலுவல் பார்க்கும் நடமாடும் சேவை. அக்கா வெள்ளனவே போய் வரிசையில் நின்று, மத்தியானம் திரும்பிய பிறகுதான் மேசைக்குக் கிட்டப் போயிருக்கிறார். அதிகாரி கடிதத்தையும் அடையாள அட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இது ஆற்ற பேர்? அட்டையில வேற பேரல்லோ கிடக்கு. திருத்திக்கொண்டு அடுத்த முறை வாங்கோ” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அக்காவுக்கு வாசிக்க அவ்வளவாக வராது. எங்கே பிழை என்று அவருக்குத் தெரியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அக்காவின் பெயரின் முதலெழுத்துக்கு முன்னால் ஓர் ஒற்றைக்கொம்பு வரவேண்டும். அந்தக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய், அடுத்த எழுத்தோடு ஒட்டிக் குந்தியிருந்தது. வாசித்தால் வேறொருத்தியின் பெயர். பெயர் மட்டுமல்ல, கடிதம் முழுவதும் அப்படித்தான். கொம்பு வரும் ஒவ்வொரு சொல்லும் சிதைந்திருந்தது.

கணினியில் அதே கடிதத்தைத் திறந்தேன். திரையில் ஒரு பிழையும் இல்லை. எல்லாக் கொம்பும் அதனதன் இடத்தில் நின்றன. அச்சுக் கொடுத்தேன். காகிதத்தில் மறுபடியும் சிதைவு.

“நீங்க பாத்துத்தானே குடுத்தீங்க?” என்று அக்கா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“இல்லையக்கா, நான் கொம்பியூட்டரிலதான் பாத்தனான். பேப்பரைப் பாக்கேல்ல. என்ர பிழைதான்.”

அடுத்த நடமாடும் சேவை இரண்டு கிழமை கழித்துக் கண்டாவளைப் பக்கம். அதற்குள் சரியாக்கித் தருவதாகச் சொல்லி அனுப்பினேன்.

என் கணினியில் ஓடுவது விண்டோஸ் அல்ல, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ். பெருமைக்காகப் போட்டதில்லை. கடைக்கு வருகிற ஆட்களின் பென் டிரைவ்கள் கொண்டுவந்த வைரஸ்களால் மூன்று முறை எல்லாம் அழிந்து போனது. வவுனியாவில் ஒரு பயிற்சிக்குப் போனபோது லினக்சைப் பற்றிக் கேள்விப்பட்டு, நானே போட்டு, நானே பழகினேன். பிறகு பெருமையும் வந்தது உண்மைதான். இந்தச் சிக்கலுக்கு மூன்று நாள் முன்புதான் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தேன். ஆக, மாற்றத்தில்தான் ஏதோ குழம்பியிருக்கிறது என்று தெரிந்தது. எது என்றுதான் தெரியவில்லை.

லினக்சில் கோளாறு வந்தால் கூப்பிட ஒரு கம்பனி கிடையாது. உலகம் முழுதும் இருக்கிற பாவனையாளர்கள் கூடுகிற இணைய மன்றத்தில் எழுத வேண்டும். தெரிந்தவர் யாராவது பதில் போடுவார். மத்தியானம் வீதியில் சனம் குறைகிற நேரத்தில் கணினிக்கு முன்னால் இருந்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். அக்காவின் பெயரை மறைத்துவிட்டுத் திரையின் படத்தையும் காகிதத்தின் படத்தையும் சேர்த்துப் போட்டேன்.

முதல் பதில்: படம் போடாதே, எழுத்தாக ஒட்டு.

எழுத்தாக ஒட்டினேன். ஒட்டினால் அது சரியாகத்தானே தெரியும்! பிழை காகிதத்தில் அல்லவா இருக்கிறது. இரண்டாமவர் எழுதினார்: “எனக்கு ஒரு பிரச்சினையும் தெரியவில்லையே.” அவருக்கு விளங்கப்படுத்தினேன். மூன்றாமவர் இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு எழுதினார்: “இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கின்றன. உனக்கு என்ன வேண்டும்?”

அவரில் குற்றமில்லை. தமிழ் தெரியாத கண்ணுக்கு எல்லாம் சுழியும் வளைவும்தான். ஆனால் பிழை இருக்கிறது என்பதற்கே நான் சாட்சி சொல்லி நிறுவ வேண்டியிருந்தது. நோகிற இடத்தைக் காட்டினால், அங்கே ஒன்றுமில்லையே என்று வைத்தியர் சொன்ன மாதிரி. சிவப்புப் பேனையால் காகிதத்தில் வட்டம் போட்டு, அம்புக்குறி கீறி, மறுபடி படம் எடுத்துப் போட்டேன். “படம் போடாதே என்று முன்பே சொல்லப்பட்டது” என்று மன்றத்தை மேற்பார்க்கிற மட்டுறுத்துநர் வந்து எச்சரித்துவிட்டுப் போனார்.

சரி, தமிழ் தெரிந்தவர்களிடமே கேட்போம் என்று முகநூலில் இருந்த ஒரு தமிழ்க் கணினிக் குழுவில் எழுதினேன். அவர்களுக்குப் பிழை உடனே தெரிந்தது. அந்தளவில் நிம்மதி. ஆனால் நான் ‘ஃபொன்ட்’ என்று எழுதியிருந்தேன். அதை எழுத்துரு என்று எழுத வேண்டும் என்றார் ஒருவர். இல்லை, எழுத்துவடிவம் என்பதே பொருத்தம் என்றார் இன்னொருவர். இருவரும் நாள் முழுதும் சண்டை பிடித்தார்கள். இடையில் ஒருவர், “தமிழை ஒழுங்காக எழுதாதவர்களுக்குக் கணினி மட்டும் எப்படி ஒழுங்காக எழுதும்?” என்று கேட்டு நிறையப் பேரின் சிரிப்பை வாங்கினார். என் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. “விண்டோசுக்கு மாறுங்கள்” என்றவரைத்தான் கணக்கில் எடுத்தால் எடுக்கலாம்.

வீட்டிலும் அதே கதைதான். கணவர் வயலால் வந்து கை கால் கழுவியபடி கேட்டார்.

“இன்னும் சரிவரேல்லையே?”

“இல்லை.”

“இந்தக் கோதாரியை எறிஞ்சுபோட்டு எல்லாரையும் மாதிரி விண்டோசைப் போடுமன். உமக்கேன் இந்தத் தலையிடி?”

“போட்டாப் பழையபடி வைரஸ் வரும். அப்ப நீங்கள் வந்து பாப்பியளோ?”

அவர் துவாயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் சொன்னதில் பாதி சரி என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நாலாம் நாள் மன்றத்தில் ஒருவர், இது பிரின்டரை இயக்கும் மென்பொருளின் கோளாறு என்று அடித்துச் சொன்னார். பதினைந்து வரிக் கட்டளை ஒன்றைத் தந்து, ஒவ்வொன்றாக அடிக்கச் சொன்னார். அப்படியே அடித்தேன். கடைசி வரிக்குப் பிறகு பிரின்டர் என்ற ஒன்றே கணினிக்குத் தெரியாமல் போனது. சிதைந்த தமிழாவது வந்துகொண்டிருந்தது, இப்போது அதுவும் இல்லை. அவருக்கு எழுதினேன். பதில் வரவில்லை. அன்று முழுக்கப் பிரின்டரை மீண்டும் சேர்ப்பதிலேயே போய்விட்டது. கடிதம் அடிக்க வந்த ஆட்களை, “பிரின்டர் பழுது, பரந்தனில போய்ப் பாருங்கோ” என்று திருப்பி அனுப்பினேன். பள்ளிக்கூடக் கடிதத்துக்கு வந்த ஒரு தாய், “நீங்கள் எல்லாம் செய்வியள் எண்டுதானே வந்தனான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா இடையில் ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

“அக்கா, நான் வடிவாக் கையால எழுதித் தாறன். கையெழுத்தையும் எடுப்பினம்” என்றேன்.

“வேணாம் தங்கச்சி. எங்கப்பா கையால எழுதிக் குடுத்தது எத்தனையோ. ஒண்ணுக்கும் பதில் வரல. அடிச்ச கடுதாசினாத்தான் கொஞ்சமாச்சும் மதிப்பாங்க. நீங்க மெதுவாப் பாருங்க, இன்னும் நாள் இருக்குத்தானே.”

மெதுவாகப் பாருங்கள் என்று அவர் சொன்னது, நாலு நாளாக எனக்கு யாரும் சொல்லாத சொல். அவர் போன பிறகு கொஞ்சம் அழுதேன். ஒரு கொம்புக்காக அழுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் மன்றத்தைத் திறந்தபோது ஒரு புதுப் பதில் இருந்தது. ஆங்கிலத்தில் நாலே வரி. “நீங்கள் சொல்வது எனக்குத் தெரிகிறது. முன்னால் வரவேண்டிய குறி பின்னால் வருகிறது. எங்கள் எழுத்திலும் அது முன்னால்தான் வரும். நாங்கள் அதைக் கொம்புவ என்போம். நீங்கள்?”

பெயருக்குக் கீழே ஊர் போட்டிருந்தது. தெற்கில் ஓர் ஊர். சிங்களவர்.

“கொம்பு” என்று எழுதினேன்.

“நல்லது. அப்படியானால் எங்கள் இருவருக்கும் ஒரே தலைவலிதான்” என்று வந்தது.

உடனே சந்தோசப்பட்டேன் என்று சொன்னால் பொய். முதலில் மனம் சுருங்கியது. அந்தக் காகிதத்தில் காணி, கலவரம், குடியேற்றம் என்று எல்லாம் இருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் அதை உற்றுப் பார்க்கிறார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதை உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் மூச்சு வந்தது. மன்றத்தில் அத்தனை பேர் பார்த்தும் தெரியாத கொம்பை, ஒரு சொல்லும் வாசிக்கத் தெரியாத அவர் கண்டுபிடித்தார். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அவர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. வேலைக்கு நடுவில் எழுதுகிறவர் போல. ஒரு கேள்வி கேட்பார், அடுத்தது மூன்று மணித்தியாலம் கழித்து வரும். ஆனால் கேட்டது எல்லாம் உருப்படியான கேள்விகள்.

“எழுத்துருவை மாற்றிப் பார்த்தீர்களா?”

“முதல் நாளே மாற்றினேன். பிழை அப்படியே இருக்கிறது.”

“எந்தப் பெட்டியில் மாற்றினீர்கள்?”

எந்தப் பெட்டி என்றால்? மேலே தெரிகிற பெட்டியில்தான். அவர் விளக்கினார். மேலே தெரியும் பெட்டி ஆங்கில எழுத்துக்கு மட்டும். எங்கள் எழுத்துகளுக்கு வேறொரு பெட்டி உள்ளே, இரண்டு படி தாண்டி ஒளிந்திருக்கும். அதைத் தேடிப் பிடித்து, வேறோர் எழுத்துருவைத் தெரிவுசெய்து, அச்சுக் கொடுத்தேன்.

காகிதம் வெளியே வந்தது. ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்தேன். எல்லாக் கொம்பும் முன்னால்.

பிறகு இருவருமாகக் காரணத்தைத் தேடினோம். பல வருடங்களுக்கு முன் யாரோ தந்த தமிழ் எழுத்துரு ஒன்றை நானே என் கணினியில் ஒரு மறைவான அடைவில் போட்டு வைத்திருந்தேன். புதிய பதிப்பு அதே பெயரில் ஒரு புதிய எழுத்துருவைக் கொண்டுவந்திருந்தது. திரை புதியதை எடுத்தது, அச்சு பழையதை எடுத்தது. பழைய பதிப்போடு ஒத்துப்போன அது புதிய பதிப்போடு ஒத்துப்போகவில்லை. பழையதை அழித்தேன். கடையில் இருந்த எல்லாக் கடிதங்களும் சரியாக வந்தன.

ஆக, பிழை கடைசியில் என் கையில்தான் வந்து நின்றது. அதை மறைக்காமல் மன்றத்தில் எழுதினேன். வேறு தமிழரோ சிங்களவரோ இதே இடத்தில் விழுந்தால் உதவட்டும் என்று, அந்த ஒளிந்த பெட்டியைப் பற்றியும் விளக்கமாக எழுதினேன். மட்டுறுத்துநர் வந்து, ‘பாவனையாளரின் தவறு’ என்று மேலே குறித்துவிட்டு, கேள்வியைப் பூட்டிவிட்டார். இனி அதன் கீழே யாரும் எழுத முடியாது. தெற்கு ஊர்க்காரருக்கு நன்றி சொல்லி எழுதியிருந்த வரியையும் அனுப்ப முடியவில்லை. தவறு என்னுடையதுதான். ஆனால் அங்கே ஒன்றுமில்லை என்று எத்தனை பேர் சொன்னார்கள்? பதினைந்து வரியை அடிக்கச் சொன்னவர் எங்கே? அவற்றுக்கு மேலே ஒரு குறிப்பும் இல்லை.

நன்றியைத் தனிச்செய்தியாக எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. “பரவாயில்லை. நான் போன வருடம் இதையே கேட்டேன். எனக்கு யாருமே பதில் சொல்லவில்லை. நானே தேடிக் கண்டுபிடித்தேன்.”

தமிழ்க் குழுவிலும் தீர்வை எழுதினேன். இம்முறை கவனமாக எழுத்துரு என்றே போட்டேன். இதயக்குறிகள் வந்தன. ‘அடைவு’ என்ற சொல் சரியா, ‘கோப்புறை’ சரியா என்று ஒருவர் தொடங்கினார். மூடிவிட்டேன்.

அக்கா வந்தபோது கடிதத்தைக் கொடுத்தேன். அவருக்கு முன்னாலேயே முழுவதையும் சத்தமாக வாசித்தேன். அவரின் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாகக் காட்டினேன்.

“இந்தக் கொம்புதானா அவ்வளவு பாடுபடுத்திச்சு?” என்று குனிந்து பார்த்தார்.

“ஓமக்கா. இதேதான்.”

கண்டாவளைப் பக்கம் நடந்த சேவைக்கு பஸ் ஏறிப் போனார். கடிதத்தை எடுத்தார்கள். பிரதியில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். “பாத்துப்போட்டு அறிவிப்பம்” என்றார்களாம். மாதங்கள் போய்விட்டன. போன கிழமை அந்த முத்திரை குத்திய பிரதியைப் போட்டோக்கொப்பி எடுக்க வந்தார். மடித்து மடித்து ஓரம் தேய்ந்திருந்தது. ஏதாவது அறிவித்தார்களா என்று கேட்டேன்.

“இல்லீங்க. இந்தத் தடவ பேர்ல ஒரு குறையும் சொல்லல. அதனாலதான் இன்னொருக்காப் போய்க் கேக்கலாம்னு இருக்கேன்” என்றார்.